இடது தோள், ஃப்ளூ ஊசி, 16 மாசம் ஆச்சு... க்ளெய்ம் பண்ணலாமா? (நீளமான போஸ்ட், பொறுத்துக்கோங்க)

எடிசன்_அக்கா | பிப்ரவரி 9, 2025

வணக்கம் மக்களே. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, பொண்ணை டான்ஸ் க்ளாஸ்ல விட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மாதானே இருக்கோம்னு பக்கத்து பார்மசில போய் ஃப்ளூ ஷாட் போட்டுக்கிட்டேன். அன்னிக்குன்னு பாத்து டைட் ஸ்லீவ் சுடிதார், கை மேல ஏறவே இல்ல, ஊசி போடற பொண்ணு பரவால்லைங்கன்னு சொல்லி கழுத்துப் பக்கத்துல இருந்து துணிய இழுத்து இறக்கிட்டு, நான் உக்காந்திருக்கேன், அவ நின்னுக்கிட்டே மேல இருந்து குத்திட்டா. சுரீர்னு எலும்புலயே பட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியல.

ரெண்டு நாள்ல போயிரும்னு நினைச்சேன். தைலம், வெந்நீர் ஒத்தடம், டைலனால், இப்படியே ஓட்டினேன். ஊர்ல இருந்து மாமியார் வந்திருந்தாங்க, டிசம்பர்ல கொலீக் ஒருத்தி லீவு, இன்ஷூரன்ஸ்ல டிடக்டிபிள் (முதல்ல நம்ம கைக்காசுல கட்டற பங்கு) வேற இன்னும் முடியல, ஊசி போட்ட கை வலிக்குதுன்னு போய் நின்னா டாக்டர் சிரிப்பாரேன்னு ஒரு வெக்கம். கடைசில போனது 2024 மார்ச் 6. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா தோள்ல பர்ஸான்னு ஒரு சின்னப் பை இருக்காம், அதுல நீர் கோத்து வீங்கியிருக்கு, தோள் மொத்தமா இறுகி ஃப்ரோசன் ஷோல்டர் ஆயிருச்சு. ரெண்டு கார்ட்டிசோன் ஊசி, 22 தடவை பிசிக்கல் தெரபி. இப்ப முக்கால்வாசி சரி. ஆனா பொண்ணுக்கு தலை பின்னிவிட இன்னும் கைய அவ்ளோ நேரம் தூக்கி வெச்சிருக்க முடியல, வீட்டுக்காரர்தான் கத்துக்கிட்டு பின்றாரு, ஜடை ஒரு பக்கமா சாய்ஞ்சே போகும் ஸ்கூலுக்கு.

ஆபீஸ்ல ஒருத்தர் இதுக்கு கவர்மெண்ட் காசு குடுக்கும்னு சொல்றாரு. உண்மையா? அந்தப் பொண்ணு மேல கேஸ் போடற மாதிரி இருந்தா எனக்கு வேண்டாம், அதுக்கு 22, 23 வயசுதான் இருக்கும். இன்னொண்ணு, நாங்க இன்னும் க்ரீன் கார்டு லைன்லதான் நிக்கறோம்.

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 9, 2025

அக்கா, முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, ஒரு ஆபீஸ்ல இந்த ஃபைல்களை மூணு வருஷம் அடுக்கிக்கிட்டு இருந்தவன். உண்மைதான். பேரு விஐசிபி, தடுப்பூசியால பாதிக்கப்பட்டவங்களுக்கு அமெரிக்க அரசு நஷ்டஈடு குடுக்கிற ப்ரோக்ராம். 1986ல சட்டம் போட்டு 1988 அக்டோபர்ல இருந்து ஓடுது. உங்களுக்கு வந்திருக்கிறதுக்கும் பேர் இருக்கு, சிர்வா. ஊசி போட்ட விதத்தால தோளுக்கு வர்ற அடின்னு அர்த்தம் வெச்சுக்கோங்க. 2010ல இந்த ப்ரோக்ராம்லயே இருந்த டாக்டர்கள் 13 கேஸை வெச்சு ஒரு பேப்பர் எழுதினாங்க, அந்தப் பேர் அங்க இருந்துதான் வந்துச்சு. எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்புன்னு அவங்க ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க, அதைத்தான் டேபிள்னு சொல்றது, 2017 மார்ச் 21ல இருந்து சிர்வா அதுலயே இருக்கு. டேபிள்ல இருந்தா என்ன லாபம்னா, ஊசியாலதான் வந்துச்சுன்னு நீங்க மெடிக்கலா நிரூபிக்க வேண்டாம், சட்டமே அப்படி எடுத்துக்கும்.

ஆனா நாலு விஷயம் பொருந்தணும். அந்தத் தோள்ல முன்னாடி இதை விளக்கற மாதிரி பிரச்சினை இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள்ள வலி ஆரம்பிச்சிருக்கணும். வலியும் கை தூக்க முடியாததும் ஊசி போட்ட தோளோட நிக்கணும், கழுத்துல இருந்து விரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி ஓடுதுன்னா அது வேற கதை. நாலாவது, வேற எந்த நோயும் இதுக்குக் காரணமா இருக்கக் கூடாது, குறிப்பா நரம்பு சம்பந்தமா. இது போக பாதிப்பு 6 மாசத்துக்கு மேல இழுத்திருக்கணும், இல்லன்னா ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி ஆபரேஷன் பண்ணியிருக்கணும். முதல் அறிகுறி வந்த நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள போடணும், உங்களுக்கு 2026 அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு, ஆனா அதுவரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

அந்தப் பொண்ணு விஷயம். எதிர் மனுதாரர் அவ இல்ல, பார்மசியும் இல்ல, கம்பெனியும் இல்ல. அமெரிக்க சுகாதாரத் துறை செயலாளர்தான் எதிர்த் தரப்பு, அவருக்காக ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் வக்கீல் வருவாரு. யார் தப்புங்கற கேள்வியே அங்க கிடையாது. காசு எங்க இருந்து வருதுன்னா, ஒவ்வொரு டோஸ்லயும் அது தடுக்கிற ஒரு நோய்க்கு 75 சென்ட் வரி போட்டு ஒரு ஃபண்டுல சேக்கறாங்க. ஃப்ளூ ஷாட்டுக்கு 75 சென்ட், எம்எம்ஆர் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லான்னு மூணு நோய்ங்கறதால 2 டாலர் 25. நீங்க போட்ட ஊசிக்கும் அந்த 75 சென்ட் போயிருக்கு.

க்ரீன் கார்டு: சட்டம் குடியுரிமை கேக்கல, ஊசி அமெரிக்காவுல போட்டிருந்தா போதும். விசா பக்கம் வேற சந்தேகம் இருந்தா உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

இப்ப என்னோட கேள்வி. மார்ச் 6 டாக்டர் நோட்ல என்ன எழுதியிருக்கு? ஆஸ்பத்திரியோட ஆன்லைன் போர்ட்டல்ல போய் அந்த வரிய அப்படியே எழுதுங்க.

---

எடிசன்_அக்கா | பிப்ரவரி 9, 2025

தம்பி, இப்பதான் திறந்து பாத்தேன். வயித்த கலக்குது. "இடது தோள் வலி, 2 மாசமா, அடிபட்டதா எதுவும் சொல்லவில்லை"ன்னு இருக்கு. ஊசின்னு ஒரு வார்த்தை இல்ல!! நான் சொன்னேன், ரெண்டு மாசமா ரொம்ப மோசமா இருக்குன்னு சொன்னேன், அவரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே தட்டினாரு. ரெண்டு மாசம்னா ஜனவரில ஆரம்பிச்ச மாதிரில்ல ஆயிடுது.

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 9, 2025

அதான் கேட்டேன். நான் பாத்த ஃபைல்ல பாதிக்கு மேல சண்டை இந்த ஒரு வரிலதான் நடக்கும். வலி எவ்ளோங்கறதுல சண்டை வராது, எப்ப ஆரம்பிச்சதுங்கறதுலதான் வரும். நம்ம ஆளுங்ககிட்ட இது ஜாஸ்தி, டாக்டர்கிட்ட போறப்ப இப்ப எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லுவோம், எப்ப எதுனால ஆரம்பிச்சதுன்னு கேட்டாதான் சொல்லுவோம், அவருக்கு பதினஞ்சு நிமிஷம்.

பயப்படாதீங்க. லேட்டா போனதாலேயே தள்ளிற மாட்டாங்க. ஊசி போட்டா கை வலிக்கத்தான் செய்யும்னு எல்லாருமே சொல்லி அனுப்பறாங்க, அதனால ஜனங்க சில மாசம் காத்திருந்து பாப்பாங்கன்னு ஸ்பெஷல் மாஸ்டர்கள் நிறைய தீர்ப்புல ஏத்துக்கிட்டு இருக்காங்க. (ஸ்பெஷல் மாஸ்டர்னா இந்தக் கேஸை மட்டும் பாக்கிற நீதிபதி மாதிரி, வாஷிங்டன்ல ஃபெடரல் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல மொத்தமே எட்டு பேர்.) ஆனா அந்த இடைவெளிய நிரப்ப அந்தந்தத் தேதில எழுதின ஏதாவது வேணும். வாட்ஸப், ஈமெயில், ஆபீஸ்ல லீவு கேட்டது, பார்மசிக்கு போன் பண்ணினது, எதுவானாலும். தேடுங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட போய் பழைய நோட்டை மாத்தி எழுதுங்கன்னு கேக்காதீங்க. அடுத்த விசிட்ல நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, அது புது நோட்ல வரட்டும், அது போதும்.

---

கேள்விக்குறி | பிப்ரவரி 10, 2025

அதான் அப்பவே சொன்னோம் ஊசியே போடாதீங்கன்னு. கவர்மெண்டே காசு குடுக்குதுன்னா ஊசி விஷம்னு அவனே ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்.

---

பார்மசி_ராணி | பிப்ரவரி 10, 2025

இல்லைங்க சார். நான் 11 வருஷமா ஊசி போடறவ, டெக்சாஸ். இது மருந்துல இருக்கிற கோளாறு இல்ல, ஊசி போய் நின்ன இடம். தோள் எலும்பு முடியற நுனில இருந்து ரெண்டு மூணு விரல் அகலம் கீழ இறங்கி, டெல்டாய்டு சதை நல்லா திரண்டிருக்கிற இடத்துல, நேரா 90 டிகிரில போடணும். அதுக்கு மேல போட்டா சதைக்கு அடியில எலும்பை ஒட்டி ஒரு பை மாதிரி பர்ஸா இருக்கு, அதுக்குள்ள மருந்து இறங்கிரும். சதைக்குள்ள போய் நம்ம உடம்பை உசுப்பி விடத்தானே அந்த மருந்தே, அது பர்ஸால போய் உசுப்பினா வீக்கம் அங்க வந்து உக்காந்துக்கும். ஒல்லியான ஆளுக்கு நீள ஊசி போட்டாலும் இதே கதி. 2011ல அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் (ஐஓஎம்) எல்லா ஆதாரத்தையும் அலசிப் பாத்துட்டு ஊசி குத்தறதுக்கும் பர்ஸா வீக்கத்துக்கும் தொடர்பு இருக்குன்னு உறுதியா சொன்னாங்க, அதே அறிக்கைல ஃப்ளூ ஊசியால ஆஸ்துமா மோசமாகுதா, எம்எம்ஆரால ஆட்டிசம் வருதாங்கறதுக்கெல்லாம் இல்லைன்னும் சொன்னாங்க, அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

எடிசன் அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சப்ப எனக்கு பக்குனு ஆயிருச்சு. கழுத்து வழியா துணிய இறக்கினா தெரியறது தோளோட மேல் பாதி மட்டும்தான், அங்கதான் கை போகும். உக்காந்தவங்களுக்கு நின்னுக்கிட்டு போட்டா இன்னும் மேல போகும். எங்களுக்கு ட்ரெய்னிங்ல இது ரெண்டும் கூடாதுன்னு சொல்றாங்க, ஆனா அக்டோபர்ல வரிசை வாசல் வரைக்கும் நிக்கும், போன் அடிக்கும், ட்ரைவ் த்ரூல ஹாரன் அடிப்பான். அந்தப் பொண்ணுக்கு சப்பைக்கட்டு கட்டல. நான் இப்பல்லாம் டைட் ஸ்லீவ்ல வந்தா உள்ள ரூம்ல போய் ஒரு கைய சட்டைல இருந்து எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிடறேன், வெக்கப்பட்டாலும் பரவால்ல.

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 10, 2025

ராணி மேடம் சொன்ன இதே வாதத்தை வெச்சுத்தான் இதை டேபிள்ல இருந்து தூக்கப் பாத்தாங்க தெரியுமா. 2020 ஜூலைல சுகாதாரத் துறை, இது ஊசி மருந்தோட பாதிப்பு இல்ல, ஊசி போட்டவர் கைத்தப்பு, அதனால இந்த ஃபண்டுல இருந்து ஏன் குடுக்கணும்னு ப்ரபோசல் போட்டுச்சு. 2021 ஜனவரில, ஆட்சி மாறற நேரம், ஃபைனல் ரூலே போட்டாச்சு. புது ஆளுங்க வந்து அது அமலுக்கு வர்றதைத் தள்ளி வெச்சு, ஏப்ரல்ல ரத்து பண்ணிட்டாங்க. அது மட்டும் நின்னிருந்தா அக்கா இன்னிக்கு அந்தப் பொண்ணு மேலதான் கேஸ் போட வேண்டி வந்திருக்கும்.

---

ரெட்டைஊசி | பிப்ரவரி 11, 2025

ப்ரோ எனக்கு ஒரு சிக்கல். 2023 செப்டம்பர்ல ஒரே நாள்ல ஃப்ளூவும் கோவிட் பூஸ்டரும் போட்டேன், ரெண்டும் ஒரே கை, வலது கை. வேலைக்காரக் கை ஃப்ரீயா இருக்கட்டும்னு இடதுல போடச் சொன்னேன், அவன் வலதுல போட்டான், நான் ரெண்டாவதும் அதுலயே போடுன்னுட்டேன், ஒரு கையாவது மிஞ்சட்டும்னு. வலி அன்னிக்கே. நாலு மாசம் முன்னாடி ஆபரேஷன் முடிஞ்சுது. எது பண்ணுச்சுன்னு எப்படி சொல்றது?

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 11, 2025

அய்யய்யோ. கோவிட் ஊசி விஐசிபில கிடையாது ப்ரோ. அதுக்கு சிஐசிபின்னு தனி, 2005 ப்ரெப் ஆக்ட்ல வந்தது, பேர் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால ஜனங்க ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்துடறாங்க. அங்க ஊசி போட்ட நாள்ல இருந்து ஒரே ஒரு வருஷம்தான். வலி வேதனைக்குன்னு காசு கிடையாது, வக்கீல் ஃபீஸ் கிடையாது, கோர்ட்டுக்கு அப்பீல் போக முடியாது. உங்களுக்கு அந்த ஒரு வருஷம் ஏற்கனவே போயிருச்சு.

ஃப்ளூவை வெச்சு விஐசிபில போடலாம், ஆனா எதிர்த் தரப்பு கேக்கப் போற முதல் கேள்வியே நீங்க கேட்டதுதான். பார்மசி ரெக்கார்டுல எது எந்தக் கைன்னு போட்டிருக்கு பாருங்க. அதையும் முழுசா நம்பாதீங்க, நிறைய இடத்துல ஸ்க்ரீன்ல "இடது கை"ன்னு தானாவே வந்து நிக்கும், டிக் பண்ணிட்டுப் போயிருவாங்க. ரெக்கார்டுல ஒரு கை, வலிச்சது வேற கைன்னு வந்து, பேஷண்ட் சொன்னதையே நம்பி ஸ்பெஷல் மாஸ்டர் தீர்ப்பு சொன்ன கேஸ் நிறைய இருக்கு. ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கீங்க, உடனே வக்கீலைப் பாருங்க, இங்க டைப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

---

டொராண்டோ_தம்பி | பிப்ரவரி 12, 2025

எனக்கும் உதே பிரச்சினை வந்தது அக்கா, இஞ்ச கனடாவில. இஞ்சயும் ஒரு திட்டம் இருக்கு, 2021 ஜூனில தொடங்கினது, 2020 டிசம்பர் 8ம் திகதியில இருந்து போட்ட ஊசிகளுக்கு. கியூபெக்கில மட்டும் கனகாலமா தனியா வச்சிருக்கினம். ஆனா இஞ்ச பாரதூரமான, நிரந்தரமான பாதிப்பு எண்டு காட்டவேணும், என்ர தோள் எட்டு மாசத்தில சுகமாப் போச்சு, அதால நான் விண்ணப்பிக்கேல்லை. லண்டனில இருக்கிற அத்தான் சொன்னார் அங்க 60 வீதம் ஊனம் எண்டு காட்டினால்தான் காசாம், ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்ஸ், இல்லாட்டி ஒண்டுமில்லை. தோள் நோவோட உந்த 60ஐ எங்க போய்ப் பிடிக்கிறது! நீங்கள் அமெரிக்காவில இருக்கிறபடியால குடுத்து வச்சனீங்கள், போடுங்கோ.

---

லெக்ஸ்பின்_லோகு | பிப்ரவரி 15, 2025

வீக்எண்ட் லீக்ல பவுலிங் போடறவன், வலது கை. 2019ல ரொட்டேட்டர் கஃப் (தோள் தசைநார்) வலின்னு ரெண்டு மாசம் தெரபி போனேன், சரியாயிருச்சு, அப்புறம் மூணு சீசன் முழுசா ஆடினேன். 2022 நவம்பர்ல டீடேப் (டெட்டனஸ் ஊசி) வலது கைலதான் போட்டாங்க, மறுநாள்ல இருந்து கூக்ளி என்ன, த்ரோ கூட பண்ண முடியல. எனக்கு சான்ஸ் உண்டா இல்ல பழைய வலின்னு ஊத்தி மூடிருவாங்களா?

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 15, 2025

லோகு, ஊசிக்கு முன்னாடி 3 வருஷ மெடிக்கல் ரெக்கார்டு மொத்தமும் கேப்பாங்க, அதுக்கும் முந்தின தோள் சமாச்சாரம் இருந்தா அதுவும் வெளிய வரும், மறைக்க நினைக்காதீங்க. ஆனா ரூல் சொல்றது முன்னாடி வலியே இருந்திருக்கக் கூடாதுன்னு இல்ல, இப்ப இருக்கிறதை விளக்கற மாதிரி வலி இருந்திருக்கக் கூடாதுன்னு. 2019ல முடிஞ்சு போச்சுன்னு தெரபி டிஸ்சார்ஜ் நோட்ல இருந்தா, அதுக்கப்புறம் மூணு வருஷம் தோளுக்காக டாக்டரையே பாக்கலன்னா, அது உங்களுக்கு சாதகம். லீக் வெப்சைட்ல ஸ்கோர்கார்டு இருக்குமே, எத்தனை ஓவர் போட்டீங்கன்னு? எடுத்து வைங்க, சிரிக்கல, நிஜமாத்தான் சொல்றேன். டேபிள்ல விழலன்னாலும் ஊசியாலதான்னு டாக்டர் ஒப்பீனியன் வெச்சு நிரூபிக்கிற வழி ஒண்ணு இருக்கு, அது இன்னும் இழுக்கும். உங்க கெடு இந்த வருஷம் நவம்பர்.

---

ஹெச்ஒன்பி_கைதி | பிப்ரவரி 16, 2025

எவ்ளோ கிடைக்கும்னு யாருமே சொல்லலயே 😀 அப்புறம் வக்கீல் மூணுல ஒரு பங்கு எடுத்துக்குவாரா? தீர்ப்புல பேரு வருமா, நாளைக்கு கம்பெனிக்காரன் கூகுள் பண்ணா?

---

பாராலீகல்_பாண்டி | பிப்ரவரி 16, 2025

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986ல வெச்ச நம்பர், இன்னிக்கு வரைக்கும் ஒரு சென்ட் ஏத்தல. தோள் கேஸ்ல அந்த உச்சிக்கெல்லாம் போறது அபூர்வம். என் கைல வந்த ஃபைல்ல ஆபரேஷன் ஆனது பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு, ஆபரேஷன் இல்லாம தெரபியோட நின்னது அதுக்கு கீழ. இதுக்கு மேல கைக்காசு போட்டது, சம்பளம் போனது தனி. லாட்டரி இல்ல. ரெண்டு மூணு வருஷம் ஆகும், அக்காவோட பொண்ணு அதுக்குள்ள தானே ஜடை பின்னிக்கும்.

வக்கீல் உங்க காசுல பங்கு எடுக்கவே கூடாது, சட்டமே தடுக்குது. அவங்க ஃபீஸை ஃபண்டே தனியா குடுக்கும், தோத்தாலும் குடுக்கும், நல்லெண்ணத்தோட நியாயமான அடிப்படை இருந்து போட்டிருந்தா. அதனால வக்கீல் உங்க கேஸை எடுக்கலன்னா அதுவே ஒரு சிக்னல். எவனாவது பர்சென்டேஜ் பேசினா எழுந்து வந்துருங்க.

பேரு வரும். தீர்ப்பு எல்லாம் பப்ளிக். மறைக்கணும்னா 14 நாளுக்குள்ள மனு போடணும், கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்கறதும் இல்ல.

---

சியாட்டில்_சித்தப்பா | மார்ச் 2, 2025

என் கேள்வி அப்பாவுக்காக. விசிட்டர் விசால வந்திருந்தாரு, ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசி போட்டோம், ஏழு மாசமா கை தூக்க மாட்டேங்கறாரு. போடலாமா?

---

பாராலீகல்_பாண்டி | மார்ச் 2, 2025

விசிட்டர் விசாங்கறது தடை இல்ல சித்தப்பா, ஆனா ஷிங்கிள்ஸ் ஊசி லிஸ்ட்லயே இல்ல. குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வழக்கமா போடணும்னு சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) சொல்ற ஊசிதான் உள்ள வரும். ஃப்ளூ, டீடேப், ஹெபடைடிஸ், ஹெச்பிவி எல்லாம் அப்படி வந்ததுதான், பெரியவங்க போட்டாலும் கவர் ஆகும். ஷிங்கிள்ஸ் வயசானவங்களுக்கு மட்டுங்கறதால வெளிய நிக்குது. வேணா மாநில சட்டப்படி சாதாரண கேஸ்தான். அப்பாவுக்கு மொதல்ல தெரபி ஆரம்பிங்க, ஊருக்குப் போனாலும் அங்க பண்ணலாம், ஏழு மாசம்னா இறுகியிருக்கும்.

---

எடிசன்_அக்கா | ஆகஸ்ட் 24, 2025

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டீங்க, பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க.

முதல் வக்கீல் அந்த "2 மாசமா" வரியப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு. ரெண்டாவது அம்மா எல்லாத்தையும் அனுப்புங்க, குப்பைன்னு நினைக்கிறதையும் அனுப்புங்கன்னாங்க. வாட்ஸப்ல தேடினேன். 2023 அக்டோபர் 15, ஞாயித்துக்கிழமை, பாளையங்கோட்டைல இருக்கிற என் தங்கச்சிக்கு நான் அனுப்பின மெசேஜ்: "ஊசி போட்ட கைய தூக்கவே முடியலடி, தோசை திருப்பக்கூட அவரைக் கூப்பிட்டேன்". அதுக்கு அவ "நல்லதுதான், அப்படியாச்சும் அத்தான் அடுப்படிக்கு வரட்டும்"னு போட்டிருக்கா. இதை இங்கிலீஷ்ல சர்டிஃபைடு ட்ரான்ஸ்லேஷன் பண்ணி கோர்ட்ல குடுத்திருக்கோம், அத்தான் உட்பட. தங்கச்சி ஒரு ஸ்டேட்மெண்டும் எழுதி கையெழுத்து போட்டு அனுப்பினா.

இன்னொண்ணு நான் மறந்தே போயிருந்தேன். தெரபிக்குப் போன முதல் நாள், 2024 மார்ச் 19, வாசல்ல ஒரு க்ளிப்போர்டு குடுப்பாங்களே. எப்ப ஆரம்பிச்சதுங்கற இடத்துல என் கையெழுத்துல "அக்டோபர் ஃப்ளூ ஷாட் போட்ட அன்னிக்கு ராத்திரி"ன்னு எழுதியிருக்கேன். வக்கீலம்மா அதைப் பாத்துட்டு போன்லயே சிரிச்சாங்க. க்ளெய்ம் பண்ணணும்ங்கற யோசனையே இல்லாதப்ப, சிகிச்சைக்காக எழுதினது, அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தியாம்.

ஜூலைல பெட்டிஷன் ஃபைல் ஆயிருச்சு. கோர்ட் ஃபீஸ் 400 டாலர் சொச்சம், அதை வக்கீல் ஆபீஸே கட்டிட்டாங்க. இனிமே வரிசைல காத்திருக்கணும்.

பார்மசி ராணி மேடம், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். போன அக்டோபர்லயும் நான் ஃப்ளூ ஷாட் போட்டேன், வலது கைல, கையில்லாத ரவிக்கை மாதிரி ஒரு டாப் போட்டுக்கிட்டு போனேன், குளிருல நடுங்கிக்கிட்டே. நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து போடுங்கன்னு சொன்னேன். அந்தப் பையன் ஒரு மாதிரி பாத்தான், ஆனா உக்காந்தான்.

---

லெக்ஸ்பின்_லோகு | ஆகஸ்ட் 25, 2025

அக்கா அந்த ரெண்டாவது வக்கீல் யாருன்னு இன்பாக்ஸ் பண்ணுங்க ப்ளீஸ், எனக்கு நவம்பர் கெடு. ஸ்கோர்கார்டு எல்லாம் ப்ரிண்ட் எடுத்துட்டேன், 2022 சீசன்ல 61 ஓவர்.

---

பாராலீகல்_பாண்டி | ஆகஸ்ட் 25, 2025

லோகு, பிப்ரவரிலயே சொன்னேன்ல. இன்னிக்கே போன் போடுங்க, ரெக்கார்டு வாங்கவே ஆஸ்பத்திரிக்காரன் ரெண்டு மாசம் இழுப்பான்.